யாருக்கு அண்ணி?

1984ஆம் ஆண்டு டைரியில், ஜூலை 9, திங்கட்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "காலை பஸ்ஸில் என்னை அண்ணி என்று கூப்பிட்டார்கள். யாருக்கு அண்ணி?" அதற்குக் கீழே மழை பெய்ததையும், குடை உடைந்ததையும் எழுதியிருக்கிறேன். மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஒரு மளிகைக்கடைக்காரர் ஆண்டு முடிவில் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த டைரி அது. எனக்கு அப்போது இருபது வயது. நடந்ததை அன்றன்றே எழுதிவிடும் பழக்கம் பள்ளிக்கூடம் முடித்த ஆண்டிலிருந்து உண்டு. நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே பேசும் என்பதால் அதை அதிகம் நம்புவதில்லை. ஆகவே இங்கே நானே கண்டு எழுதிவைத்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் சாலையை ஒட்டி இருந்தது. பாதி ரப்பர், பாதி செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. என் வயதுப் பெண்கள் ரப்பர்ப் பால்மரம் சீவுவதை விட்டுவிட்டு மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். சுங்கை பூலோ பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பஸ் விடிவதற்கு முன்பே கோல சிலாங்கூரில் புறப்பட்டு, கம்போங் குவாந்தான் முனையைத் தாண்டி, தோட்டத்துச் சாலை முனையில் எங்களை ஏற்றிக்கொள்ளும். எங்கள் தோட்டத்துப் பையன்கள் சிலர் அதே தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை பார்த்தார்கள். பின்வரிசை அவர்களுடையது.

அந்தத் திங்கட்கிழமை நான் ஏறியதும் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, முன்னால் உட்கார்ந்திருந்த தன் தம்பி முறைக்காரனைத் தட்டி, "எழுந்திரிலா, அண்ணிக்கு இடம் விடு" என்றான்.

யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"உங்களத்தான் அண்ணி. உக்காருங்க. நீங்க நின்னுகிட்டு வந்தீங்கன்னு தெரிஞ்சா அண்ணன் எங்க தோல உரிச்சிருவாரு."

"எந்த அண்ணன்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர்கூட கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாலா, ஒன்னுமே தெரியாத மாரி கேக்குறாங்க" என்றான் அவன். நான் உட்காரவில்லை. தொழிற்சாலை வரைக்கும் நின்றுகொண்டே போனேன். அதுவும் அவர்களுக்கு வெட்கமாகத்தான் தெரிந்தது.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஒருவன் ஒருத்தியை விரும்புகிறான் என்று அவனுடைய கூட்டாளிகள் தெரிந்துகொண்டால், அன்றிலிருந்து அவள் அவர்கள் எல்லாருக்கும் அண்ணி. அவளை யாரும் கேட்க வேண்டியதில்லை. விரும்புகிறவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பெயர் வந்த பிறகு பஸ்ஸில் இடம் கிடைக்கும், கோயில் திருவிழாக் கூட்டத்தில் யாரும் இடிக்க மாட்டார்கள், வெளித்தோட்டத்துப் பையன் எவனாவது கிண்டல் செய்தால் அவனுக்கு அடி விழும். இதையெல்லாம் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். வேறு எந்த ஆணும் அவளிடம் வந்து பேச முடியாது என்பதையும் அந்தப் பாதுகாப்பிலேயே சேர்த்துவிட்டார்கள்.

அந்த அண்ணன் யார் என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. தோட்டத்து லோரி டிரைவர். தஞ்சோங் காராங் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, தனியாள்களுக்கான லயத்து வரிசைவீட்டில் தங்கியிருந்தவர். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போவது வேலை. முப்பதை நெருங்கிய வயது. குடிப்பதில்லை, சண்டைக்குப் போவதில்லை, யாரையும் ஏக வசனத்தில் பேசுவதில்லை. வேலை முடிந்ததும் எங்கள் லயத்துக்கு எதிரே இருந்த பொதுக் குழாயடியில் லோரியை நிறுத்திக் கழுவுவார். லோரி கழுவுவதற்கு ஆலைக்குப் பக்கத்திலேயே நல்ல குழாய் இருந்தது. அதை விட்டுவிட்டு எங்கள் வீட்டு எதிரே வந்து நிற்கிறார் என்றால் காரணம் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று கூட்டாளிகள் முடிவுகட்டிவிட்டார்கள்.

நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் லோரி போயிருக்கும். குழாயடி ஈரமாக இருக்கும். அக்கா துவைத்த துணி கொடியில் கிடக்கும். எனக்காக வந்து நிற்பவர் நான் வருமுன் ஏன் போய்விடுகிறார் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "மரியாதை தெரிஞ்சவன்டி. கண்ணு முன்னாடி வந்து பல்லக் காட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்றார். வராமல் இருப்பதும் காதலுக்குச் சாட்சியாகிவிட்டது. இப்படி ஒரு வழக்கில் எதிர்த் தரப்பு எதைச் சொல்லி வெல்வது?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோர ஊருக்கு ஒரு மீனவ நண்பரைப் பார்க்கப் போவார். திரும்பும்போது ஒரு பை நிறையக் கெராங் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். எனக்குச் சிப்பி வகை ஒத்துக்கொள்ளாது. தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அக்காவுக்கு உயிர். அவள் அதை வறுத்து ஒரு கிண்ணத்தில் அவருக்கும் எடுத்துவைப்பாள். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உனக்காகத்தான் இவ்வளவும்" என்பார். எனக்காக வந்த எதையும் நான் தின்றதில்லை.

என் சங்கடம் வேறொன்று. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். கேட்காத ஒன்றை எப்படி மறுப்பது? பின்வரிசைப் பையன்களிடம், "நான் யாருக்கும் அண்ணி இல்ல, இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க" என்று ஒருநாள் உரக்கவே சொன்னேன். "சரிங்க அண்ணி" என்றார்கள். நேராக அவரிடமே போய்ச் சொல்லலாம் என்று தோழி ஒருத்தி சொன்னாள். ஒரு பெண் தானே போய், தன்னிடம் ஒன்றும் சொல்லாத ஆணைப் பார்த்து, நீங்கள் எனக்கு வேண்டாம் என்று சொன்னால் தோட்டம் அதை எப்படிப் பேசும் என்பதை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில்தான் அக்காவை மூன்றாவது முறையாகப் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அப்பா ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த அதே பிரிவில் பால்மரம் சீவினாள். விடியலில் போய் மதியத்துக்கு மேல் திரும்புவாள். நன்றாகப் பாடுவாள், யாரைப் போலவும் பேசிக்காட்டுவாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைப் போல அவள் நடந்துகாட்டினால் அப்பாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். ஆனால் கறுப்பு. எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்வதற்கென்றே வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்த குடும்பம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தகவல் சொல்கிறோம் என்று போனது. இரண்டாவது வந்தவர்கள், கலர் கொஞ்சம் கம்மியாக இருக்கிறது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் நாகரிகமானவர்கள். எங்கள் வீட்டிலேயே, அக்கா தட்டோடு நிற்கும்போதே, மாப்பிள்ளையின் தாயார் என்னைக் காட்டி, "சின்னதுக்கு எப்பப் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

அக்கா தட்டைக் கீழே வைக்கவில்லை. எல்லாரிடமும் கொண்டுபோய் நீட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அவர்கள் போன பிறகு அம்மா திட்டித் தீர்த்தார். அப்பா நிதானமாகச் சொன்னது டைரியில் இருக்கிறது: "அது அவங்க விருப்பம். பிடிக்கலன்னா பிடிக்கலதான். நாம என்ன கட்டாயப்படுத்தவா முடியும்?" எனக்கு அப்போது அந்தப் பேச்சு நியாயமாகப் பட்டது. பிடிக்கவில்லை என்ற ஒரு சொல்லே போதும், அதற்குமேல் யாரும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டதாக நினைத்தேன். அந்தச் சொல் யாருக்கு உரியது என்பது அடுத்த ஆண்டுதான் தெரிந்தது.

1985இன் தொடக்கத்தில் பஸ்ஸில் ஒரு புது ஆள் ஏறினார். எங்கள் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். சொந்த ஊர் சபாக். கோல சிலாங்கூரில் அறையெடுத்துத் தங்கி, பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறிவிடுவார். தோட்டத்துப் பையன் இல்லை என்பதால் அண்ணி விவகாரம் அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமைகளில் ஞாயிறு பத்திரிகையைக் கொண்டுவந்து படிப்பார். நானும் படிப்பவள். அதில் வந்த தொடர்கதையைப் பற்றி ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டோம். கதாநாயகன் மூன்று ஆண்டு காத்திருந்தான், அதனால் அவளை அவனுக்கே கட்டிவைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் படித்த தொடர்கதைகளில் எல்லாம் காத்திருந்தவனுக்கே பெண் கிடைத்தாள். காத்திருப்பது ஒரு வேலை போலவும், மாதக் கடைசியில் அவளைச் சம்பளமாகக் கையில் கொடுத்துவிடுவார்கள் போலவும். அதைச் சொன்னபோது அவர் சிரித்து, "உங்ககிட்ட வாய் குடுக்கக் கூடாது போல" என்றார். அன்றைக்கே நான் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். கதையைப் பற்றிச் சொன்னதைத்தான் ஒரு மனிதன் வாழ்க்கையிலும் நம்புகிறான்.

அவரை எனக்குப் பிடித்தது. ஏன் என்று கேட்டால் பட்டியல் போடத் தெரியாது. லோரிக்காரர் அவரைவிட உயரம், நல்ல நிறம், பொறுமைசாலி. இவருக்கு ஒரு பல் மற்றொன்றின் மேல் ஏறியிருக்கும். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு மேல் கம்பியைப் பிடித்து நின்றால், அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வெளியே இருட்டாக இருப்பதால் கண்ணாடியிலும் அதே கைதான் தெரியும். இதை அந்தக் காலத்தில் ஒரு பெண் சொல்லமாட்டாள். டைரியிலும் எழுதவில்லை. இது மட்டும் நினைவிலிருந்து.

சம்பளச் சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை. கோல சிலாங்கூர் வரை பஸ்ஸிலேயே வந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ராமநாதபுரம் பக்கத்துப் பாய் ஒருவர் நடத்திய சாப்பாட்டுக்கடையில் தோழிகளோடு உட்கார்ந்து தேநீர் குடிப்போம். அவரும் வருவார். எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து பேசுவார். இரண்டு மாதத்தில் பின்வரிசைக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஒருநாள் இறங்கும்போது அவர் தோளில் கைபோட்டு, "பாஸ், அவங்க எங்க அண்ணி. தெரியும்ல?" என்று சொன்னார்கள். மிரட்டலாக இல்லை, தகவலாகத்தான்.

அதற்கடுத்த வாரம் அவர் என்னிடம் கொஞ்சம் ஒதுங்கியே இருந்தார். நானே அவரிடம், அது அவர்களாகக் கட்டிவிட்ட கதை, அந்த மனிதரிடம் நான் ஒரு சொல் பேசியதில்லை என்று விளக்கிச் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். "நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

1985 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பாய் கடையில், தோழிகள் துணிக்கடைக்குப் போயிருந்த நேரம். அவர் முகத்தில் பரீட்சையில் தேறிய களை இருந்தது.

"நேத்து சாயந்தரம் உங்க எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். லோரிக்காரரப் பாத்துப் பேசிட்டேன்."

"எதப் பத்தி?"

"உங்களப் பத்தித்தான். முதுகுக்குப் பின்னால எதுவும் செய்யக் கூடாது பாருங்க. நேராவே கேட்டுட்டேன். என்ன மனுசன் தெரியுமா அவரு? கோவமே இல்ல. 'எடுத்துக்க தம்பி, எனக்கு ஒன்னும் இல்ல'ன்னு சிரிச்சிகிட்டே சொல்லிட்டாரு."

"எடுத்துக்கன்னா சொன்னாரு?"

"ஒரு பேச்சுக்கு."

"நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"விட்டுக் குடுக்கறீங்களான்னு."

தேநீர் வந்தது. பாய் அவரை வாங்க தம்பி என்றும் என்னை நல்லாருக்கியாம்மா என்றும் விசாரித்துவிட்டுப் போனார்.

"என்னை எப்பக் கேக்கறதா இருந்தீங்க?" என்றேன்.

"இப்பத்தான் கேக்கப் போறேன். அதுக்குத்தான இருக்கச் சொன்னேன். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்லங்க."

"அவரு முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "சொல்லியிருந்தா நான் ஒதுங்கியிருப்பேன். அதுதான நியாயம்" என்றார்.

நியாயம் என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு ஆண்கள் ஒரு மாலையில் நின்று பேசி, ஒருவரை ஒருவர் மதித்து, ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்கியிருக்கிறார்கள். இருவருமே யோக்கியர்கள். கொடுக்கல் வாங்கலில் எந்தத் தகராறும் இல்லை. நான் மட்டும் அந்த நேரத்தில் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். முடியாது என்று அவர் சொல்லியிருந்தால், என்னை ஒருவர் விரும்பினார் என்பதையே நான் தெரிந்துகொள்ளாமல் போயிருப்பேன்.

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி எழுந்தேன். பஸ் வரவில்லை. நிலையத்தில் வெயிலில் நின்றேன். அவர் வெட்கம் என்று எண்ணியிருக்க வேண்டும், பின்னால் வரவில்லை. வந்திருந்தால் என் மனம் மாறியிருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கையைப் பிடித்திருந்தால் மாறியிருக்கலாம். உடம்பு அவரைத்தான் கேட்டது. வாய்தான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தது. "இனிமே என்னன்னு கூப்பிடுறதுலா? அவரு நம்ம எஸ்டேட்டும் இல்லியே" என்று பின்வரிசை கலந்தாலோசித்தது. அன்றைக்கே, வேலை முடிந்து பஸ் ஏறுமிடத்தில், எனக்கு விருப்பமில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "பிடிக்கும்னு நெனச்சேனே" என்றார். பிடித்திருந்தது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மாத முடிவில் மாலை ஷிப்டுக்கு மாறிப் போனார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

தோட்டத்தின் தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. லோரிக்காரர் தியாகி. ஓராண்டுக்குமேல் மனத்தில் வைத்திருந்த பெண்ணை, அவள் சந்தோஷத்துக்காக விட்டுக்கொடுத்தவர். டெக்னீஷியன் கண்ணியவான். நான் திமிர் பிடித்தவள். இரண்டு நல்லவர்களை அலையவிட்டவள், நாலு எழுத்துப் படித்ததால் தலைகால் புரியாதவள். கோயில் கமிட்டியில் ஒருவர் அப்பாவிடமே இதைச் சொன்னார்.

அப்பா வீட்டுக்கு வந்து என்னை உட்காரவைத்தார். லோரிக்காரரிடம் என்ன குறை என்று கேட்டார். குறை இல்லை என்றேன். டெக்னீஷியனிடம்? அவரிடமும் குறை இல்லை.

"பின்ன?"

"பிடிக்கலப்பா."

"பிடிக்கலன்னா என்ன அர்த்தம்? எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்லம்மா."

மூன்றாவது முறை பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி அவர் சொன்னதை அவருக்கே எடுத்துச் சொன்னேன். தேதியோடு சொன்னேன். அது வேறு, அவர்கள் மாப்பிள்ளை வீட்டார் என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுவே முழுமையான விளக்கம். அக்காவை வேண்டாம் என்றவர்களுக்கு விருப்பம் இருந்தது. எனக்கு இருந்ததன் பெயர் பிடிவாதம்.

எல்லாவற்றையும்விட அக்கா பேசியதுதான் கசந்தது. அவள் என் பக்கம் நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். குழாயடியில் துணி கும்மிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உனக்குக் கேக்கறதுக்கு ஆள் இருக்குடி. அதான் வேணாம்னு சொல்ல முடியுது. எங்கிட்ட வந்து ஒருத்தன் கேட்டிருந்தா நான் யோசிக்கவாவது செஞ்சிருப்பேன்."

"என்னையும் யாரும் கேக்கலக்கா. அதுதான் எனக்குக் கோவம்."

"நல்லா இருக்குடி உன் கோவம்" என்றாள். சோப்பு நுரையை வழித்துவிட்டு, துவைத்த துணியை வாளியில் போட்டாள். பிறகு என்னைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, என் குரலில், "பிடிக்கலப்பா" என்று சொல்லிக்காட்டினாள். அச்சு அசலாக இருந்தது. நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் லோரிக்காரர் வேலையை விட்டுப் போனார். போகும் நாளில் கடைசியாகக் குழாயடிக்கு வந்து லோரியைக் கழுவிவிட்டு, தன் நீல வாளியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். நான் வேலையில் இருந்தேன். அம்மா சொல்லித்தான் தெரியும்.

அக்காவுக்கு 1986 ஜூனில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சபாக்கில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். மனைவி இறந்து இரண்டு பிள்ளைகள் இருந்தன. நாற்பதைத் தொட்டவர். பெண் பார்க்கவெல்லாம் வரவில்லை. தரகர் வந்து சொன்னார், அப்பா சரி என்றார். அக்காவிடம் கேட்டார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். "இதுல கேக்கறதுக்கு என்னடி இருக்கு? வந்ததே பெரிசு" என்றார். சாமான்களை லோரியில் ஏற்றும்போது அக்கா அந்த நீல வாளியையும் எடுத்துக்கொண்டாள். பழைய வாளியை எடுத்துப் போனால் மாப்பிள்ளை வீட்டில் கேவலமாக நினைப்பார்கள் என்று அம்மா திட்டினார். வாளி நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லி அக்கா அதைக் கீழே வைக்கவில்லை. கல்யாண வீட்டுச் சண்டைகளை எழுதிவைக்கும் பழக்கத்தால் இதுவும் டைரியில் இருக்கிறது. அப்போது அதற்கு வேறு பொருள் எதுவும் எனக்குத் தெரியாது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். என்னைப் போல் எத்தனையோ பெண்கள் பெயரளவில் அண்ணியாக இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

1989 மார்ச்சில் கோல சிலாங்கூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் பின்வரிசைப் பையனைப் பார்த்தேன், முதல்நாள் எனக்காக இடம் விடச் சொன்னவனை. தொந்தி வைத்திருந்தான். மண்டபத்துக்குப் பின்னால் காருக்குள் வைத்துக் கொஞ்சம் குடித்துவிட்டும் வந்திருந்தான். தூரத்திலிருந்தே, "அண்ணி, நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"இன்னும் அண்ணியா?"

"பழக்கம்லா." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குடும்பம், வேலை எல்லாம் விசாரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்னு சொல்லட்டா? கோவிச்சிக்கக் கூடாது. அண்ணன் போறன்னைக்கு எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. உங்கள இல்லியாம். உங்க அக்காவையாம்" என்றான்.

மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் நின்றதும், அவர் ஏன் அதை முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்லுவாரு? நாங்கதான் ஊரு பூரா தண்டோரா போட்டுட்டமே. தங்கச்சி இல்ல, அக்கான்னு சொன்னா உங்களுக்கும் அசிங்கம், அவங்களுக்கும் அசிங்கம். கொஞ்ச நாளு போனா அடங்கிரும்னு பாத்திருக்காரு. அப்புறம் அந்த டெக்னீஷியன் ஆளு வந்து விட்டுக் குடுன்னு கேட்டானா, சரி போன்னுட்டாரு. அதுக்கப்புறம் போயி அக்காவக் கேட்டா, சின்னது கெடைக்கலன்னு பெரிசக் கேக்குறான்னு பேசுவாங்கள்ல?"

"நீங்க எப்படி என்னைன்னு முடிவு பண்ணீங்க?"

அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. என்னைப் பாராட்டுகிறோம் என்ற நினைப்பில், முகம் மலர்ந்து சொன்னான்: "வீட்டுல நீங்க இருக்கறப்ப அவங்களன்னு யாருக்குங்க தோணும்?"

அன்றிரவு டைரியில் அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பிறகு பழைய டைரிகளை எடுத்துப் புரட்டினேன். லோரி நின்றது அக்கா துணி துவைக்கும் வேளையில். நான் வருமுன் அது போய்விடும். கெராங்கைத் தின்றவள் அக்கா. வாளி அக்காவிடம்தான் போனது. இவை எல்லாம் அவன் சொன்னதோடு ஒத்துப்போகின்றன. ஒத்துப்போவது வேறு, நிரூபணம் வேறு. குழாயடி லோரிக்காரரின் லயத்துக்கும் பக்கம்தான். வாளியை யாரிடமாவது கொடுத்துத்தானே போக வேண்டும்? அம்மாவின் கண்ணுக்கு இதே விவரங்கள் எல்லாம் என்னைத்தான் காட்டின.

உண்மையாக இருந்தால் அந்தத் தியாகியின் கதையையும் மாற்றி எழுத வேண்டும். தன்னுடையதும் அல்லாத, தனக்கு வேண்டியதும் அல்லாத ஒன்றை விட்டுக்கொடுத்துப் பெயர் வாங்கியவர் அவர். ஒரு வாய்ச்சொல்லில் முடிந்திருக்கக் கூடியது. என் பெயர் ஓராண்டுக்குமேல் பஸ்ஸில் அடிபட்டதை நிறுத்தியிருக்கலாம், அதைக்கூட விடுங்கள். அக்கா தட்டோடு நின்ற அந்த நாளில், அவளை ஒருவனுக்குப் பிடித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் சரி என்றிருப்பாளா என்பதை நான் சொல்ல முடியாது. அவளும் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். அன்று குழாயடியில் அவள் கேட்டதும் அதைத்தான்.

லோரிக்காரரைத் தேடிப் பார்த்தேன். தஞ்சோங் காராங்கில் அவர் வீடு இருந்த வரிசையை இடித்துவிட்டார்கள். ஜொகூர் பக்கம் எங்கோ லோரி ஓட்டுகிறார் என்று ஒருவரும், இல்லை, இறந்துவிட்டார் என்று இன்னொருவரும் சொன்னார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. அக்கா சபாக்கில் இருக்கிறாள். போகும்போதெல்லாம் எனக்கெனத் தனியாகச் சமைத்துவைப்பாள், அவளுக்குக் கெராங். நான் இதை அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கு ஒருவேளை அப்போதே தெரிந்திருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

லோரிக்காரர் விரும்பியது அக்காவை என்பதற்கு இன்றுள்ள ஒரே சாட்சி, கல்யாண மண்டபத்தில் குடித்திருந்த ஒரு ஆளின் பேச்சு. இது உறுதிசெய்யப்படாத தகவல். அப்படியே பதிவு செய்கிறேன்.